பழைய மடிக்கணினி பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டறியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்ட பிறகு, விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகளை வைத்திருக்கும் பலர் அவற்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பார்க்க முற்படுகிறார்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பலவும் இந்த வயதைச் சேர்ந்தவைதான். நிறுவுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய படியில்தான் புதியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். பென் டிரைவைச் செருகி ஆன் செய்தால் பழைய விண்டோஸே மீண்டும் வந்து நிற்கிறது, அல்லது கருந்திரையில் ஒற்றை வரி ஆங்கிலம் தோன்றி, அதற்கு மேல் எதுவும் நகர்வதில்லை.

இந்த நிலையில், கணினி ஆன் ஆனதும் முதலில் இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்புகளுக்குள் புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் காரியம். சிக்கலை இரட்டிப்பாக்குவதும் அதுதான். பென் டிரைவிலிருந்து பூட் ஆவது, அதாவது கணினி அதிலிருந்து இயங்கத் தொடங்குவது, மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் கணினி அந்தப் பென் டிரைவைப் பார்க்க வேண்டும். அடுத்து, அதில் தனக்குப் புரியும் வடிவில் ஒரு பூட் நிரலைக் கண்டு, அதை இயக்க ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியாக அந்த நிரல் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்படும் தடைக்குக் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆகவே எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, அதன் பழைய நிலையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு முன்னேறுவதே சரியான முறை.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். பென் டிரைவில் எழுதும்போது அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். அடுத்து, ஹார்டு டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட் (ஏற்கத்தக்க கையொப்பமுள்ள பூட் நிரலை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) போன்ற அமைப்புகளை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸைத் தொட வேண்டாம்.

பென் டிரைவே சரியில்லாமல் இருக்கலாம்

கணினியைச் சந்தேகிக்கும் முன் பென் டிரைவைச் சந்தேகியுங்கள். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே பென் டிரைவுக்குள் நகலெடுத்தால் அது பூட் ஆகாது; ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு கருவி கொண்டுதான் எழுத வேண்டும். லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்புகள் பெரும்பாலும் எந்தக் கருவிக்கும் ஒத்துப்போகும் வகையில் அமைந்திருப்பவை. விண்டோஸின் ஐஎஸ்ஓ அப்படியல்ல. அதை எட்சர் கொண்டு எழுதினால் பூட் ஆகாது, ரூஃபஸ் அல்லது மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கோப்பு முழுமையாக இறங்கியதா என்பதையும் பாருங்கள். லினக்ஸ் வழங்குவோர் தங்கள் இறக்கப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்புத் தொகையைத் தந்திருப்பார்கள். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்த பின் அதன் அருகில் உள்ள சரிக்குறிப் பொத்தானை அழுத்தினால், உங்கள் கோப்பின் தொகை கணக்கிடப்பட்டுத் திரையில் வரும். இரண்டும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பைத் திரும்ப இறக்குங்கள். மொபைல் டேட்டாவில் பாதியில் அறுந்து அறுந்து இறங்கிய கோப்புகளில் இந்தச் சோதனை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மிக மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவ்களில் போலிகள் உண்டு. உறையில் 64 ஜிபி என்று இருக்கும், விண்டோஸும் அப்படியே காட்டும், ஆனால் உள்ளே அதில் ஒரு சிறு பங்குதான் உண்மையான நினைவகம். அந்த எல்லையைத் தாண்டி எழுதப்பட்டவை காணாமல் போய்விடும். ரூஃபஸின் கூடுதல் அமைப்புகளில் உள்ள பழுதுத் தொகுதிச் சோதனை இதைக் கண்டுபிடித்துவிடும். நேரம் எடுத்தாலும் ஒருமுறை செய்வது நல்லது.

இவையெல்லாம் முடிந்ததும், அந்தப் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகிப் பூட் செய்து பாருங்கள். அங்கும் ஓடவில்லை என்றால் பழுது பெரும்பாலும் பென் டிரைவில்தான். அங்கே ஓடினால் இனி உங்கள் மடிக்கணினியை மட்டும் ஆராய்ந்தால் போதும். நண்பரிடம் கெஞ்சியாவது இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் இது தேடலின் எல்லையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பயாஸா, யூஈஎஃப்ஐயா?

பழைய பயாஸ் வகைக் கணினிக்குக் கோப்பு, கோப்புறை எதுவும் தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் அது படிக்கும். அந்தப் பகுதியின் கடைசி இரண்டு பைட்டுகளில் உரிய முத்திரை இருந்தால், அங்குள்ள நிரலை நம்பி இயக்கிவிடும். பயாஸுக்கு மாற்றாகப் பின்னர் வந்த யூஈஎஃப்ஐ வகைக் கணினி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்ட ஒரு பகுதியைத் தேடி, அதில் ஈஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள், பூட் என்ற கோப்புறைக்குள், பூட்எக்ஸ்64 என்ற பெயர் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று அது பார்க்கும். ஒரு வகைக்கென்று எழுதப்பட்ட பென் டிரைவை மற்ற வகைக் கணினியில் செருகினால், பென் டிரைவ் நன்றாக இருந்தும், கணினி நன்றாக இருந்தும், எதுவும் நடக்காது.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பயாஸ் மோட்" என்ற வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ என்று இருந்தால் ஐயமில்லை. லெகசி என்று இருந்தால் இரண்டு பொருள் இருக்கலாம்: கணினியே பழைய பயாஸ் வகையாக இருக்கலாம், அல்லது யூஈஎஃப்ஐ கணினியில் விண்டோஸ் பழைய முறையில் நிறுவப்பட்டிருக்கலாம். பொதுவாக, 2010-க்கு முன் வந்த மடிக்கணினி என்றால் பயாஸ் என்றும், விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் விற்பனைக்கு வந்தது என்றால் யூஈஎஃப்ஐ என்றும் கொள்ளலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் வந்தவற்றில் இரண்டும் கலந்திருக்கும். தொல்லை அதிகம் தருபவையும் அவைதான்.

ரூஃபஸில் எழுதும்போது "பார்ட்டிஷன் ஸ்கீம்" (பென் டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) என்ற இடத்தில், பழைய பயாஸ் கணினிக்கு எம்பிஆர் என்பதையும், யூஈஎஃப்ஐ கணினிக்கு ஜிபிடி என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுதியாகத் தெரியாவிட்டால், லினக்ஸைப் பொறுத்தவரை எம்பிஆர் பாதுகாப்பான தேர்வு. பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் அந்த முறையில் எழுதப்பட்டால் இரு வகைக் கணினிகளிலும் பூட் ஆகும். மிகப் பழைய பயாஸ் கணினிகளுக்கென்றே ரூஃபஸில் தனியாக ஒரு தெரிவும் உண்டு. முதல் முயற்சி பலிக்காதபோது அதைக் குறியிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். வென்டாய் பலருக்கும் பிடித்த கருவி, ஒரே பென் டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைத்துக்கொள்ளலாம். ஆனாலும், அடம்பிடிக்கும் பழைய கணினியில் அதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அது நடுவில் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறது, பழுது எந்த அடுக்கில் என்று கண்டறிவது கடினமாகிவிடும்.

பூட் மெனுவைக் கொண்டுவருதல்

பயாஸில் பூட் வரிசையை நிரந்தரமாக மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஒருமுறைக்கு மட்டும் எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும் பூட் மெனு ஒன்று ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளிலும் இருக்கிறது. டெல், தோஷிபா, லெனோவோ திங்க்பேட் ஆகியவற்றில் எஃப்12; எச்பி-யில் எஸ்கேப் அழுத்தி, வரும் பட்டியலில் எஃப்9; ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். லெனோவோவின் ஐடியாபேட் வரிசையில் பவர் பொத்தானுக்கு அருகிலோ பக்கவாட்டிலோ வளைந்த அம்புக்குறியுடன் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் மெனு வரும். சோனி வையோவில் "அசிஸ்ட்" என்று எழுதப்பட்ட தனிப் பொத்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஏசரில் எஃப்12 என்றாலும், பல மாடல்களில் அது முன்கூட்டியே முடக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் சென்று, "எஃப்12 பூட் மெனு" என்ற வரியை "எனேபிள்" செய்த பிறகே விசை வேலை செய்யும்.

எந்த விசையானாலும் ஆன் செய்த நொடியிலிருந்தே விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் சின்னம் மறைந்த பிறகு அழுத்திப் பயனில்லை.

எவ்வளவு தட்டினாலும் நேராக விண்டோஸே வருகிறது என்றால், விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக இருக்கலாம். அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. ஒரு பகுதியை வட்டில் சேமித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தக் குறுக்குவழி நடக்காது. இன்னும் எளிய வழி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுப்பது. வரும் நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்பதில் பென் டிரைவ் தெரிந்தால் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தெரிவு யூஈஎஃப்ஐ முறையில் ஓடும் கணினிகளில் மட்டுமே வரும்.

மெனுவில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால்

இது முதல் கட்டத் தடை. முதலில் போர்ட்டை மாற்றுங்கள். 2010 முதல் 2012 வரை வந்த பல மடிக்கணினிகளில் உட்புறம் நீல நிறமுள்ள யூஎஸ்பி 3.0 போர்ட்டுகள் தனியான ஒரு சிப்பின் துணையுடன் இயங்கின. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யூஎஸ்பி 3.0-ஐச் சேர்த்தது 2012-இல்தான். அந்தத் தனிச் சிப்பை விண்டோஸ் அறியும், பயாஸ் அறியாமல் இருக்கலாம். ஆகவே விண்டோஸில் நன்றாகத் திறக்கும் பென் டிரைவ் பூட் மெனுவில் காணாமல் போவதில் வியப்பில்லை. கருப்பு அல்லது வெள்ளை நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்; யூஎஸ்பி ஹப் நடுவில் வேண்டாம்.

பென் டிரைவ் செருகப்பட்ட நிலையிலேயே கணினியை ஆன் செய்ய வேண்டும். மெனு வந்த பிறகு செருகினால் பல கணினிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. பயாஸ் அமைப்புகளிலும் இதே கதைதான்: செருகாமல் உள்ளே போனால் பூட் வரிசையில் அதன் பெயரே இருக்காது. செருகிய பின்னும் பழைய பயாஸ்களில் அது யூஎஸ்பி என்ற தலைப்பின் கீழ் வராமல், ஹார்டு டிஸ்க் என்ற வரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். அந்த வரியில் என்டர் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல் விரியும். அதில் பென் டிரைவின் பெயரை முதலிடத்துக்கு உயர்த்த வேண்டும். புதியவர்கள் யூஎஸ்பி என்ற சொல்லைத் தேடிக்கொண்டே இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

அதே அமைப்புகளில் "யூஎஸ்பி பூட்", "லெகசி யூஎஸ்பி சப்போர்ட்", "எக்ஸ்டர்னல் டிவைஸ் பூட்" போன்ற பெயரில் ஏதேனும் முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். அலுவலகங்களில் இருந்து கைமாறி வந்த மடிக்கணினிகளில் இது வேண்டுமென்றே முடக்கப்பட்டிருப்பதும், பயாஸுக்குக் கடவுச்சொல் இடப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

வேறு பென் டிரைவ் ஒன்றையும் முயன்று பாருங்கள். பழைய பயாஸ்களுக்கு 128 ஜிபி, 256 ஜிபி அளவுள்ள புதிய பென் டிரைவ்களைவிட, மேசை இழுப்பறையில் கிடக்கும் 4 ஜிபி, 8 ஜிபி யூஎஸ்பி 2.0 பென் டிரைவ்கள் நன்றாக ஒத்துப்போகும். இதுவும் பலிக்காவிட்டால், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருந்து, மறுபடி சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது, நீங்கள் மாற்றிய அமைப்புகள் தங்குவதில்லை என்றால், பயாஸுக்கான சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, 3 வோல்ட். கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

பென் டிரைவ் தெரிகிறது, ஆனால் தொடங்க மறுக்கிறது

திரையில் வரும் செய்தியை வரி மாறாமல் படியுங்கள். "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்", "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ, வெறும் கோடு மினுக்கிக்கொண்டோ நின்றால், பென் டிரைவ் எழுதப்பட்ட முறைக்கும் கணினியின் முறைக்கும் பொருத்தமில்லை என்பதே முதல் சந்தேகம். எம்பிஆர், ஜிபிடி தேர்வை மாற்றித் திரும்ப எழுதுங்கள். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை, ஒன்றில் யூஈஎஃப்ஐ என்ற முன்னொட்டுடன், காட்டப்பட்டால் இரண்டையும் தனித்தனியாக முயலுங்கள்.

"செக்யூர் பூட் வயலேஷன்" அல்லது "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று வந்தால், கணினி பூட் நிரலைக் கண்டுவிட்டது, ஆனால் அதன் கையொப்பத்தை ஏற்கவில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகள் செக்யூர் பூட் ஏற்கும் கையொப்பத்துடன்தான் வருகின்றன. இருந்தும், 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, குறைபாடுள்ள பழைய லினக்ஸ் பூட் நிரல்களைத் தடைசெய்யும் பதிவைக் கணினிகளில் ஏற்றியதால், அதுவரை ஓடிய சில ஐஎஸ்ஓக்கள் திடீரென மறுக்கப்பட்டன. அதே லினக்ஸ் வகையின் அண்மைப் பதிப்பை இறக்கி எழுதுவதே முதல் தீர்வு. அதுவும் முடியாதபோது மட்டும் செக்யூர் பூட்டை அணைக்கலாம்.

அணைக்கும் வரி சில கணினிகளில் மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். ஏசர் மடிக்கணினிகளில் முதலில் "சூப்பர்வைசர் பாஸ்வேர்டு" ஒன்றை வைத்த பிறகே அந்த வரி திறக்கும். வைத்த கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். எச்பி-யில் மாற்றிய பின் மறுதொடக்கத்தின்போது திரையில் நான்கு இலக்க எண் ஒன்று வரும். அதைத் தட்டி என்டர் கொடுத்தால்தான் மாற்றம் உறுதியாகும். ஆசுஸின் சில மாடல்களில் செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட் இரண்டையும் அணைத்தால்தான் "லாஞ்ச் சிஎஸ்எம்" என்ற வரிக்கு உயிர் வரும். சிஎஸ்எம் என்பது யூஈஎஃப்ஐ கணினி பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும் ஏற்பாடு. அதை இயக்கினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். பதற வேண்டாம், அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பினால் அதுவும் திரும்பிவிடும்.

இதே கட்டத்தில் வரும் இன்னொரு தடை 32, 64 பிட் பொருத்தமின்மை. 2008, 2009 வாக்கில் வந்த சிறிய நெட்புக்குகளின் ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே. கோர் 2 டியோ அனைத்தும் 64 பிட். 64 பிட் லினக்ஸை 32 பிட் செயலியில் ஓட்டினால், இந்த கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேறு செயலி தேவை என்று அதுவே சொல்லிவிடும். உபுண்டு தன் 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை 2017-இலேயே நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் நிறுவி (இன்ஸ்டாலர்) இல்லை. ஆகவே அத்தகைய கணினிக்கு டெபியன் 12-இன் 32 பிட் நிறுவியைத் தேடுங்கள்.

இதைவிடக் குழப்பமான ஒரு வகை, 2014, 2015-இல் மலிவு விலையில் வந்த டேப்லெட் கலந்த மடிக்கணினிகள். ஆட்டம் இசட்3735எஃப் போன்ற செயலி 64 பிட்தான், ஆனால் யூஈஎஃப்ஐ 32 பிட். அதற்குப் பூட்எக்ஸ்64 கோப்பு புரியாது. பூட்ஐஏ32 என்ற கோப்பை அது தேடும். பல லினக்ஸ் ஐஎஸ்ஓக்களில் அது இருப்பதில்லை என்பதால், பென் டிரைவ் எதுவுமே இல்லாதது போலக் கணினி கடந்து போய்விடும். டெபியனின் 64 பிட் நிறுவியில் இரண்டு கோப்புகளும் இருக்கின்றன, அதை முயலலாம்.

தொடங்கிய பின் நடுவில் நிற்பது

லினக்ஸின் மெனு வந்துவிட்டால் பயாஸின் வேலை முடிந்தது. இனி அங்கே போய் எதையும் மாற்ற வேண்டாம். மெனுவுக்குப் பின் திரை கருத்துவிட்டால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்தான் காரணம்: உபுண்டுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்" என்றும், லினக்ஸ் மின்ட்டில் "கம்பாட்டிபிலிட்டி மோட்" என்றும் உள்ள தெரிவைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில், யூஎஸ்பி 2.0 போர்ட் வழியாகப் பெரிய டெஸ்க்டாப் ஒன்று ஏறுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். பென் டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை காத்திருங்கள், அல்லது லுபுண்டு போன்ற இலகுவான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பியே வேண்டாம் என்றால்

யூஎஸ்பி பூட் வசதியே இல்லாத பயாஸ்களும் உண்டு. டிவிடி டிரைவ் வேலை செய்கிறது என்றால், ஐஎஸ்ஓவை டிவிடியில் எழுதிப் பூட் செய்வது எல்லாவற்றையும்விடச் சுலபம். பிளாப் என்ற சிறிய பூட் மேனேஜரைச் சிடியில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, அதன் மூலம் பென் டிரைவைத் தொடக்கும் வழியும் இருக்கிறது. மூன்றாவது வழி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் பொருத்தி லினக்ஸை நிறுவி, திரும்ப மாட்டுவது. அப்போது பழைய கணினி எந்த முறையில் பூட் ஆகுமோ அதே முறையில் நிறுவ வேண்டும். பயாஸைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்துவதைக் கடைசிக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வலுவிழந்த பழைய கணினியில், நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகக்கூடும்.

நிறுவல் முடிந்ததும், செக்யூர் பூட்டை அணைத்திருந்தால், புதிய இயங்குதளம் அதனுடன் ஒத்துப்போகும்பட்சத்தில் திரும்ப இயக்கிவிடுங்கள். பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்கை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் எந்தப் பென் டிரைவைச் செருகி ஆன் செய்தாலும் கணினி அதில் தேடிக்கொண்டு நிற்கும். பென் டிரைவ் விண்டோஸில் சில எம்பி அளவே உள்ளதாகக் காட்டினால் அது பழுதல்ல; ரூஃபஸில் "நான் பூட்டபிள்" என்ற தெரிவை வைத்து ஒருமுறை வடிவமைத்தால் முழு அளவும் திரும்பக் கிடைக்கும்.